சுவாச நோயும் சாட்சி சொன்ன பிராணிகளும்: பழனிமலையிலிருந்து ஒரு நோக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையினின்றும் கிழக்கு நோக்கிப் பிரிந்து, திண்டுக்கல், தேனிச் சமவெளிகளின் நடுவே நீண்டு கிடக்கும் பழனி மலைத்தொடரில், அடிவாரத்துத் தண்டாயுதபாணி கோயிலின் படிக்கட்டு முதல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானல் வரை, மனிதர் நடமாடும் இடமெங்கும் மனிதரை அண்டிப் பிழைக்கும் குரங்கு ஒன்று உண்டு. உச்சந்தலை மயிர் நடுவில் வகிர்ந்து குல்லாய் கவிழ்த்தாற்போல் படர்ந்திருப்பதும், வால் உடலைக் காட்டிலும் நீண்டிருப்பதும் அதன் லட்சணங்கள். ஜனங்கள் அதை நாட்டுக்குரங்கு என்கிறார்கள். பிராணி சாஸ்திரிகள் இட்ட பெயர் மக்காக்கா ரேடியேட்டா. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. கோதாவரி, கிருஷ்ணா நதிப் பிரதேசங்களுக்கு வடக்கே அதன் நெருங்கிய பந்துவான ரீசஸ் என்னும் செம்முகக் குரங்கு வாழ்கிறது. முன்னதற்கு நீண்ட வால், பின்னதற்குக் குட்டை வால். மற்றபடி தேகத்தின் உள்ளமைப்பிலே இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்னும்படி ஒத்தவை.

2020ஆம் ஆண்டில், கொரோனா வைரஸ் உலகத்தின் மூச்சை அடைத்து நின்ற வேளையில், வடக்கத்திச் செம்முகக் குரங்கு நம் நாட்டுத் தடுப்பூசி ஆராய்ச்சியின் முக்கியமான சாட்சியாயிற்று. எந்த உடல் ஒற்றுமையினால் அது மனிதனுக்காகச் சாட்சி சொல்லத் தகுதி பெற்றதோ, அதே ஒற்றுமை பழனிமலை நாட்டுக்குரங்கிடமும் இருக்கிறது. அதே ஒற்றுமையினாலேயே அந்த நாட்டுக்குரங்கு மனிதனுடைய வியாதிக்கு இரையாகவும் கூடும். ஆராய்ச்சிக்கூடத்தில் கற்ற உண்மை ஒன்று. அதன் பயன் மனிதனுக்கும் அதன் எச்சரிக்கை காட்டுக்குமாக இரு திசையில் செல்கிறது. பயனைக் கைக்கொண்ட நாம் எச்சரிக்கையையும் கைக்கொண்டோமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிராணியை நாடுவது ஏன்?

ஒரு நோயாளியின் நாசியிலே ஒரு கிருமி காணப்படுவதனால் மட்டும் அந்தக் கிருமியே அவன் நோய்க்குக் காரணம் என்று தீர்மானிக்க முடியாது. காரண காரிய சம்பந்தத்தை நிலைநாட்ட வேண்டுமாயின், அக்கிருமியைத் தனித்து வளர்த்து, நோயற்ற ஓர் உடலில் செலுத்தி, அதே நோய் உண்டாவதைக் கண்டு, அவ்வுடலினின்றும் மீண்டும் அதே கிருமியைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பது ராபர்ட் கோக் வகுத்த நெறி. மரணம் விளைவிக்கக்கூடிய புதிய வியாதியை மனிதன்மேல் இவ்வாறு சோதித்துப் பார்ப்பதற்குத் தர்மம் இடங்கொடாது. ஆகவே அந்த நோயற்ற உடல் வேறொரு பிராணியின் உடலாக இருக்க நேர்கிறது.

கொரோனா குடும்பத்து வைரஸ்களின் சரித்திரமே மனிதனிடத்தில் தொடங்காமல் பிராணிகளிடத்தில் தொடங்குகிறது. 1931இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கோழிக்குஞ்சுகள் மூச்சுத்திணறி மாண்டதைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பே இக்குடும்பத்து நோயொன்றின் முதல் விவரணம் எனப்படுகிறது. மனிதனுக்கு ஜலதோஷம் உண்டாக்கும் கொரோனா வைரஸ்கள் 1960களின் நடுவிலேதான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்டன. 1968இல் அவற்றின் மேற்பரப்பில் சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டம்போல் தோன்றிய முட்களை வைத்துக் குடும்பத்துக்கே பெயரிட்டார்கள். அதன்பின் முப்பதாண்டுக் காலம் மருத்துவ உலகம் இவற்றை அற்பமான சளிக்கிருமிகளாகவே எண்ணியிருந்தது.

அந்த அசட்டை 2003இல் சார்ஸ் நோயினால் கலைந்தது. தெற்குச் சீனத்தில் தோன்றி நாடுகள் பலவற்றுக்குப் பரவிய அந்தச் சுவாச நோய்க்கு ஒரு புதிய கொரோனா வைரஸே காரணம் என்பதை நிலைநாட்டியவர்கள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்து விஞ்ஞானிகள். ஆசியாவின் தென்கிழக்கே வாழும் நண்டுதின்னிக் குரங்குகளுக்கு அவ்வைரஸைச் செலுத்தியபோது, அவற்றின் நுரையீரலிலே மனிதரிடம் கண்டதை ஒத்த அழற்சி உண்டாயிற்று; உள்ளிருந்து அதே வைரஸும் திரும்பக் கிடைத்தது. கோக் வகுத்த நெறி நிறைவேறியது. கொரோனா சுவாச நோயின் ஆராய்ச்சியில் குரங்கு முதன்முதலாகச் சாட்சிக் கூண்டில் ஏறியது அப்போதுதான்.

பூட்டும் திறவுகோலும்

எல்லாப் பிராணியும் எல்லா நோய்க்கும் சாட்சி சொல்லாது. காரணம் உயிரணுக்களின் வாயிற்படியிலே இருக்கிறது. 2019இன் இறுதியில் தோன்றிய கோவிட் வைரஸ், மனித நாசியிலும் நுரையீரலிலும் உள்ள உயிரணுக்களின் மேற்புறத்தே ஏசிஇ2 என்னும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டே உள்ளே புகுகிறது. ஆராய்ச்சிக்கூடங்களில் ஏராளமாக வளர்க்கப்படும் சுண்டெலிக்கும் அப்புரதம் உண்டு. ஆயினும் அதன் வடிவம் சிறிது மாறுபடுவதனால், ஆரம்பத்தில் பரவிய வைரஸ் அதைப் பற்ற இயலாது போயிற்று. உலகெங்கும் மருத்துவ ஆராய்ச்சியின் வலக்கரமாயிருந்த சுண்டெலி, மிக அவசரமான அந்த வேளையில் பயன்படாமல் நின்றது.

இதற்கு ஒரு பரிகாரம் முன்னமே இருந்தது. சார்ஸ் காலத்துக்குப் பின், 2007இல், அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தார் மனித ஏசிஇ2 புரதத்தின் மரபணுவை ஏற்றிய சுண்டெலி வமிசம் ஒன்றை உண்டாக்கியிருந்தார்கள். சார்ஸ் அடங்கியதும் அதைக் கேட்பாரில்லை. உறைநிலையில் சேமித்து வைத்திருந்த விந்துவிலிருந்து 2020இல் அந்த வமிசத்தை மீண்டும் பெருக்க வேண்டியதாயிற்று. உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சிக்கு ஏன் பொருள் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இது தக்க விடை. ஆனால் இந்த எலிகளிடமும் ஒரு குறை வெளிப்பட்டது. வைரஸ் அவற்றின் நுரையீரலோடு நில்லாமல் பலவற்றில் மூளைக்குள்ளும் பரவிற்று. எலிகள் மாண்டபோது, மாண்டது மூச்சடைத்தா, மூளை கெட்டா என்று பிரித்தறிவது கடினமாயிற்று. மனித மரபணுவைப் பெற்றதனாலேயே எலி மனிதனுக்குச் சமானமாகிவிடவில்லை.

இந்த நிலையிலே முன்வந்த பிராணி, சிரியாவைப் பூர்விகமாகக் கொண்ட ஹாம்ஸ்டர் என்னும் சிறு பொன்னிற எலி. மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலே அதன் உயிரணுக்கள் வைரஸுக்கு வழிவிட்டன. ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாசி வழியாக வைரஸைப் பெற்ற ஹாம்ஸ்டர்களின் மூக்கின் உட்சவ்விலும் மூச்சுக்குழலிலும் நுரையீரலிலும் முதல் சில நாட்களிலேயே வைரஸ் பெருகியது. ஆறாம் நாள் அளவில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இரண்டு வாரத்திற்குள் அவை தேறின. ஒரே கூண்டில் இருந்த ஆரோக்கியமான ஹாம்ஸ்டருக்கும், அடுத்த கூண்டில் காற்றை மட்டும் பகிர்ந்துகொண்ட ஹாம்ஸ்டருக்கும் நோய் தொற்றியது.

காற்றின் வழியே தொற்றும் இத்தன்மையைக் கொண்டே அந்நகரத்தார் இன்னொரு பரிசோதனை நடத்தினார்கள். நோயுற்ற ஹாம்ஸ்டர்களின் கூண்டையும் நோயற்றவற்றின் கூண்டையும் அருகருகே வைத்து, நோய்க் கூண்டிலிருந்து மற்றதை நோக்கிக் காற்று செல்லும்படி விசிறியைச் சுழலவிட்டு, இடையிலே அறுவைச் சிகிச்சை முகக்கவசத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். திரை இல்லாதபோது மூன்றில் இரண்டு பங்கு ஹாம்ஸ்டர்களுக்குத் தொற்றியது. திரை இருந்தபோது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கே தொற்றியது. திரையை நோயுற்றவற்றின் பக்கம் கட்டியபோது கிடைத்த காப்பு, நோயற்றவற்றின் பக்கம் கட்டியபோது கிடைத்ததைவிட அதிகம். முகக்கவசம் அணிவது தன்னைக் காப்பதைக் காட்டிலும் பிறரைக் காப்பது என்னும் தத்துவம் ஒரு சிறு கூண்டிலே இங்ஙனம் பிரத்தியட்சமாயிற்று. கேள்வி தெளிவாயிருந்து, அதற்கேற்ற பிராணியும் வாய்த்தால், எளிய ஏற்பாடு ஒன்றே எவ்வளவு உறுதியான விடையைத் தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் அறியேன்.

செம்முகக் குரங்கின் சாட்சியம்

ஹாம்ஸ்டர் விடை சொல்ல இயலாத கேள்விகள் உண்டு. தடுப்பூசியினால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் மனித உடலில் எங்ஙனம் அமையும், எவ்வளவு மருந்து போதும், தடுப்பூசி போட்டுக்கொண்ட உடலில் வைரஸ் புகுந்தால் அவ்வெதிர்ப்பாற்றல் நுரையீரலுக்கு உதவி புரியுமா, உபத்திரவம் செய்யுமா என்பவற்றை, மனிதருக்குப் போடுமுன்னே, மனிதரை நெருங்கிய தேகத்தில் கண்டாக வேண்டும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ராக்கி மவுண்டன் ஆய்வகத்தார் 8 செம்முகக் குரங்குகளுக்கு நாசி, வாய், கண், மூச்சுக்குழல் ஆகிய நான்கு வழிகளிலும் வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். எல்லாவற்றின் நுரையீரலிலும் ஊடுகதிர்ப் படத்திலே நிழல் விழுந்தது. மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வைரஸ் மிகுதியாக வெளிப்பட்டது. மிதமான நோய் 8 முதல் 16 நாள் வரை நீடித்தது. வேறொரு குழுவினர் ஒருமுறை நோயுற்றுத் தேறிய 9 குரங்குகளுக்கு 35ஆம் நாள் மீண்டும் வைரஸைக் கொடுத்தபோது, அவை பெரும்பாலும் காக்கப்பட்டிருந்தன. நோய்வாய்ப்பட்டுத் தேறிய உடல் சிறிது காலமேனும் எதிர்ப்பாற்றலைப் பெறும் என்னும் அனுமானத்துக்கு அதுவே முதல் வலுவான ஆதாரமாயிற்று. தடுப்பூசி சாத்தியமே என்னும் நம்பிக்கை அதன்மேல் எழுந்தது.

இந்தியாவில் இவ்வேலை புணேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கோவாக்சின், செயலிழக்கச் செய்த முழு வைரஸைக் கொண்டது. முதலில் ஹாம்ஸ்டர்களில் சோதித்தார்கள். பின்பு குரங்குகள் தேவைப்பட்டன. கோயில் வாசலிலும் ரயில் நிலையத்திலும் செம்முகக் குரங்குகள் கூட்டம் கூட்டமாகத் திரியும் தேசத்திலே, அந்த நேரத்தில் குரங்கு கிடைப்பது அரிதாயிற்று. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கினால் வீதிகள் வெறிச்சோடின. மனிதர் எறியும் உணவை நம்பியிருந்த குரங்குகள் இரைதேடிக் காட்டுக்குள் சென்றுவிட்டன. மகாராஷ்டிர வனத்துறையினர் பெரும்பரப்பைத் தேடி, இறுதியில் நாகபுரிக்கு அருகே அவற்றைக் கண்டார்கள் என்பதை அப்போது மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராயிருந்த பல்ராம் பார்கவா தம் நூலில் விவரித்திருக்கிறார்.

20 குரங்குகள் ஐந்தைந்தாக நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு மருந்தில்லாத ஊசி. மற்ற மூன்றுக்கும் அளவிலும் துணைப்பொருளிலும் வேறுபட்ட மூன்று தயாரிப்புகள். 14 நாள் இடைவெளியில் இரண்டு ஊசிகள் போட்டு, மேலும் 14 நாள் கழித்து எல்லாவற்றுக்கும் உயிருள்ள வைரஸைச் செலுத்தினார்கள். நாசியையும் தொண்டையையும் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்த மாதிரிகளும், நுரையீரலைக் கழுவி எடுத்த திரவமும் ஊடுகதிர்ப் படமும் குறித்த நாட்களில் ஒப்புநோக்கப்பட்டன. மருந்தில்லாத ஊசி பெற்றவற்றில் நுரையீரல் அழற்சி தோன்றியது. தடுப்பூசி பெற்ற குழுக்களில் அது தோன்றவில்லை. அவற்றின் நாசியிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் வைரஸ் குறைந்து விரைவில் மறைந்தது. இவ்வாய்வு 2021இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கையை நீட்டி அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில், நாகபுரிக் காட்டினின்றும் வந்த அந்த 20 பிராணிகளை நினைத்தவர் எத்தனை பேர் இருப்பர்? நினைக்க வேண்டியவர் எல்லோருமே.

குன்னூரில் கற்ற பாடம்

தமிழகத்து மலைகளுக்கு இவ்வகை ஆராய்ச்சி புதிதன்று. நீலகிரிக் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்திலே, முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவுக்குறை நோய்களைப் பற்றிய தம் ஆராய்ச்சியை ஒரு சிறிய இடத்தில் தொடங்கினார். புறாக்களுக்குத் தீட்டிய அரிசியையும், சென்னை மாகாணத்துக் காடுகளிலிருந்து கொணர்ந்த குரங்குகளுக்கு ஜீவசத்து அழிக்கப்பட்ட உணவையும் கொடுத்து, வயிறும் குடலும் சுரப்பிகளும் எவ்வாறு சீர்கெடுகின்றன என்பதை அவர் பதிவு செய்தார். பின்னாளில் எலிகளைக் குழுக்களாக்கி, ஒரு குழுவுக்குச் சீக்கியரின் கோதுமை, பால், பருப்பு, காய்கறி உணவையும், மற்றொன்றுக்குச் சென்னை மாகாணத்தாரின் அரிசியுணவையும் ஊட்டி, முன்னவை கொழுத்து வளர்ந்ததையும் பின்னவை மெலிந்ததையும் உலகுக்குக் காட்டினார். அவ்வாய்வுக்கூடமே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அக்காலத்து ஊட்டச்சத்து ஆராய்ச்சியிலே நம் விஷயத்துக்கு நேரே பொருந்தும் பாடம் ஒன்று இருக்கிறது. எலியின் தேகம் சி ஜீவசத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். எனவே ஈறுகளில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் எலிக்கு வராது. மனிதனைப் போலவே அந்தச் சக்தியை இழந்த கினி எலியிடம்தான், 1907இல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் அந்நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். எலியை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கர்வியை ஆராய்ந்திருந்தால் அப்படி ஒரு நோயே இல்லை என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். பிராணி சொல்லும் விடை பிராணியின் உடலைப் பொறுத்தது. ஆகவே, இக்கேள்விக்கு இந்தப் பிராணி தகுந்ததுதானா என்னும் விசாரம் பரிசோதனைக்கு முற்பட்டது. கோவிட் காலத்தில் சுண்டெலி பயன்படாமற்போனதும் ஹாம்ஸ்டர் பயன்பட்டதும் அப்பழைய பாடத்தின் புதிய அத்தியாயமே.

சாட்சியத்தின் எல்லை

மனிதனிடத்தே கோவிட் நோய் கொடுமையாக முற்றிய விதம் எந்தப் பிராணியிடமும் முழுமையாகத் தோன்றவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். செம்முகக் குரங்குக்கு வந்தது லேசான அல்லது மிதமான நோயே. பிராணவாயு ஏறாமல் செயற்கைச் சுவாசத்தில் வாரக்கணக்கில் கிடந்த நோயாளியின் நிலையை அது காட்டவில்லை. ஆராய்ச்சிப் பிராணிகள் பெரும்பாலும் இளம் வயதினவும் ஆரோக்கியமுடையனவுமாயிருக்க, மனிதரில் உயிரிழந்தவர்களோ பெரும்பாலும் முதியவர்களும் நீரிழிவு, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உடையவர்களும் ஆவர். மேலும் ஆய்வகத்தில் பிராணிக்கு ஒரே வேளையில் செலுத்தப்படும் வைரஸின் அளவு, பேருந்தில் பக்கத்தில் அமர்ந்து இருமுபவரால் ஒருவருக்குக் கிட்டும் அளவினின்றும் வேறானது.

அதேபோது, எல்லையை அறிந்து கேட்டவர்களுக்குப் பிராணிகள் உண்மையை முன்கூட்டியே சொன்னதும் உண்டு. 2021இன் இறுதியில் ஓமிக்ரான் வகை பரவிய சில வாரங்களுக்குள், பல நாட்டு ஆய்வகங்கள் எலிகளையும் ஹாம்ஸ்டர்களையும் கொண்டு ஒத்த முடிவுக்கு வந்தன: முந்தைய வகைகளைக் காட்டிலும் இது நுரையீரலைக் குறைவாகவே பாதிக்கிறது. மருத்துவமனைகளில் கண்ட அனுபவமும் அதனோடு ஒத்தது. இதற்கு முன்னரே, ஆல்பா, பீட்டா வகைகளில் தோன்றிய ஒரு சிறு மாறுதலினால் சாதாரணச் சுண்டெலியும் வைரஸுக்கு இடங்கொடுக்கத் தொடங்கியிருந்தது. அதாவது, வைரஸ் மாறமாற எந்தப் பிராணி தகுந்த சாட்சி என்பதும் மாறுகிறது. நேற்று மறுத்த வாயில் இன்று திறக்கிறது. இது ஆராய்ச்சியாளனுக்கு வசதி. கட்டிடங்களிலும் வயல்களிலும் எலிகளோடு வாழும் மனித சமூகத்துக்கு எச்சரிக்கை.

தர்மமும் சட்டமும்

இவ்வாராய்ச்சியிலே உயிர்களுக்கு உபாதை உண்டு. சில பரிசோதனைகளின் முடிவு மரணமே. அதை மெல்லிய சொற்களால் மூடிவைப்பது நேர்மையன்று. நம் நாட்டில் இவ்விஷயத்தில் மனச்சாட்சியை எழுப்பியவர்களுள் முதன்மையானவர் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராயிருந்து அவர் கொணர்ந்த தனிமசோதாவின் தூண்டுதலினாலேயே 1960இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் உருவாயிற்று. 1962இல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பரிசோதனைகளைத் தவிர்க்கக்கூடிய இடத்தில் தவிர்க்க வேண்டும் என்றும், சிறு பிராணிகளைக் கொண்டே அறியக்கூடியதைப் பெரிய பிராணிகள்மேல் சோதிக்கலாகாது என்றும் அச்சட்டம் விதிக்கிறது. கோவாக்சின் முதலில் ஹாம்ஸ்டரிடமும் பின்னர் குரங்கிடமும் சென்ற வரிசை இவ்விதியோடு பொருந்தியது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் வகுத்த மூன்று கோட்பாடுகளும் இதே திசையைக் காட்டுகின்றன: பிராணிக்கு மாற்று இருந்தால் மாற்றைக் கொள்க; எண்ணிக்கையைக் குறைக்க; வேதனையைத் தணிக்க.

இந்தியக் குரங்கு உலக மருத்துவத்துக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. போலியோத் தடுப்பூசியின் ஆராய்ச்சிக்கும் தயாரிப்புக்குமாக 1950களில் ஓராண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட செம்முகக் குரங்குகள் இந்நாட்டிலிருந்து ஏற்றுமதியாயின. 1955இல் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கானவை மூச்சுத்திணறி மாண்டபோது அரசு சில காலம் ஏற்றுமதியை நிறுத்திற்று. 1978இல் மொரார்ஜி தேசாயின் ஆட்சியிலே ஏற்றுமதி முழுவதும் தடைசெய்யப்பட்டது. உலகத்துக் குழந்தைகளின் கால்களைக் காத்த தடுப்பூசியில் நம் காடுகளின் பங்கு உண்டு என்பதும், அந்தப் பங்கு கணக்கின்றி வாரிக்கொடுக்கப்பட்டது என்பதும் ஒருங்கே நினைவில் நிற்க வேண்டும்.

உறவின் மறுபக்கம்

இனிப் பழனிமலைக்கு வருவோம். 2020இல் பல வகைக் குரங்குகளின் ஏசிஇ2 புரதத்தை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள், ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளிலும் வாலில்லாக் குரங்குகளிலும் வைரஸ் பற்றிக்கொள்ளும் முக்கியமான 12 இடங்களும் மனிதனுடையவற்றை அப்படியே ஒத்திருப்பதைக் கண்டார்கள். செம்முகக் குரங்கு சாட்சியானது இந்த ஒற்றுமையினால். நாட்டுக்குரங்கும், பழனிமலைச் சோலைகளில் வாழும் கருமந்தியும் இதே பெருங்கிளையைச் சேர்ந்தவை. மனிதனிடமிருந்து அவற்றுக்கு நோய் செல்லக்கூடும் என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. ஆய்வகத்துக் குரங்கின் நுரையீரலே அந்த ஆதாரம்.

மனிதனிடமிருந்து பிராணிக்கு நோய் செல்வது வெறும் ஊகமன்று. சென்னை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் 2021 ஜூன் 3ஆம் நாள் நீலா என்னும் பெண் சிங்கம் மாண்டது. அதே மாதம் 16ஆம் நாள் ஓர் ஆண் சிங்கமும் மாண்டது. போபாலிலுள்ள தேசியக் கால்நடை நோய் ஆய்வகம் சிங்கங்கள் பலவற்றில் கோவிட் வைரஸை உறுதி செய்தது. அது அப்போது மனிதரிடையே பரவிய டெல்டா வகையே என்பது மரபணு வரிசையால் தெரிந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோவில் கொரில்லாக்களுக்கும் தொற்றியிருந்தது. டென்மார்க்கில் மிங்க் என்னும் நீர்நாய்க் குடும்பத்துப் பிராணிகளின் பண்ணைகளில் மனிதரிடமிருந்து நுழைந்த வைரஸ் மாறுதலடைந்து மீண்டும் மனிதருக்கே திரும்பியது; 2020 நவம்பரில் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் பிராணிகளைக் கொல்ல அந்நாட்டு அரசு ஆணையிட நேர்ந்தது.

வத்தலகுண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையின் வெள்ளி நீர்வீழ்ச்சியருகே ஒரு விடுமுறை நாளின் முற்பகலில் நின்று பார்ப்பவர்க்கு இந்த அபாயத்தின் வழி விளங்கும். கார் நிற்கிறது, கண்ணாடி இறங்குகிறது, ஒரு குழந்தை தான் பாதி கடித்த பிஸ்கட்டை நீட்டுகிறது. தடுப்புச் சுவரின்மேல் குட்டியை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்க்குரங்கு அதைப் பறித்துக் கன்னப்பையில் அடக்குகிறது. கீழே கிடக்கும் தண்ணீர்ப் புட்டியின் வாயை இன்னொன்று நக்குகிறது. மனிதனின் உமிழ்நீர் குரங்கின் வாய்க்குச் செல்வதற்கு இவ்வளவு நேரான பாதையை எந்த ஆராய்ச்சிக்கூடமும் அமைக்கத் தேவையில்லை. நாட்டுக்குரங்குகள் பெண்வழிக் கூட்டங்களாக நெருங்கி வாழ்பவை. ஒன்றன் மயிரை ஒன்று கோதுபவை. குளிருக்கு ஒன்றையொன்று அணைத்து உறங்குபவை. ஒன்றுக்கு வந்தது கூட்டத்துக்கே வருவதற்கு இவ்வழக்கங்கள் போதும். செம்முகக் குரங்குகள் தெற்கு நோக்கிப் பரவிவருவதனால் வாழிடம் சுருங்கி, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தால் அழியக்கூடிய நிலையிலுள்ளதென வகைப்படுத்தப்பட்ட இனம் இது.

ஆய்வகத்தில் குரங்குக்கு நோய் மிதமாகவே வந்தது, ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்று சிலர் வாதிக்கலாம். இவ்வாதத்தில் இரு பிழைகள் உண்டு. ஆய்வகத்துக் குரங்கு நன்கு உண்டு, காசநோய் முதலியன இல்லையென்று சோதிக்கப்பட்டது, காட்டுக்குரங்கு அப்படியன்று. மேலும், லேசான நோயோடு நீண்டகாலம் ஒரு கூட்டத்திலே தங்கிச் சுழலும் வைரஸ் மாறுதலடைய அவகாசம் பெறுகிறது. அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களிடம் அது பரவித் தங்கியதை 2021 முதல் நாம் அறிவோம். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சரணாலயங்களில் மனிதரும் வனவிலங்கும் நெருங்குவதைக் குறைக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2013இல் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டிருக்கும் இம்மலையில், அந்த அறிவுரை ஒரு தொற்றுக்காலத்தோடு முடிந்துவிடக்கூடியதன்று.

செய்யத்தக்கவை

ஆராய்ச்சிக்கூடத்தைப் பொறுத்தவரை, உயிருள்ள உடலன்றி வேறெதனாலும் விடை காணமுடியாத கேள்விக்கே பிராணியை நாட வேண்டும். மனித உயிரணுக்களைக் கொண்டு நுரையீரல் திசுக்களை வளர்த்துச் சோதிக்கும் முறைகள் முன்னேறிவருகின்றன. அவற்றுக்குப் பொருளுதவி பெருக வேண்டும். பலித்த பரிசோதனையைப் போலவே பலிக்காத பரிசோதனையும் பிரசுரமாக வேண்டும். இல்லையேல் ஒரு நாட்டில் வீணாய்ப்போன உயிர்களையே இன்னொரு நாடும் மறுபடி பலியிடும். அடுத்த தொற்று வருமுன்னே தகுந்த பிராணிகளை நோயின்றி வளர்த்து வைத்திருக்கும் ஏற்பாடும் வேண்டும். பெருநோயின் நடுவே காடுகளில் வலையோடு அலைவது ஆராய்ச்சிக்கும் நல்லதன்று, காட்டுக்கும் நல்லதன்று.

மலையைப் பொறுத்தவரை, குரங்கைப் பிடிக்காமலே அதன் ஆரோக்கியத்தைக் கண்காணிக்க வழி உண்டு. கீழே விழுந்த எச்சத்தைச் சேகரித்து வைரஸ் இருக்கிறதா என்று அறியலாம். செம்முகக் குரங்குகளின் எச்சவழியிலும் வைரஸ் வெளிப்பட்டதை மொன்டானா ஆய்வு முன்னமே காட்டியிருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் வனத்துறையும் சேர்ந்து கோயில் படிக்கட்டிலும் மலைப்பாதையிலும் ஆண்டுதோறும் இதைச் செய்வது பெருஞ்செலவான காரியமன்று. அதனினும் எளியது, யாத்திரிகரும் சுற்றுலாப் பயணியரும் குரங்குக்குத் தம் கையால் உணவு கொடுப்பதை அறவே விடுவது. இரக்கத்தினால் நீட்டப்படும் கை என்பதை நான் அறிவேன். ஆஞ்சநேயரின் வமிசமென்று பக்தியோடு நீட்டப்படும் கை என்பதையும் அறிவேன். அந்த இரக்கத்துக்கும் பக்திக்கும் இன்றைய சாஸ்திரம் காட்டும் உரிய வடிவம் விலகி நிற்பதே.

மனிதனுக்கும் குரங்குக்கும் உள்ள தேக ஒற்றுமையை நம்பியே நாம் 20 குரங்குகளின் நுரையீரலைச் சோதித்தோம். அவ்வொற்றுமை மெய்யென்று கண்டோம். அதன்மேல் கோடிக்கணக்கானவர்களுக்குத் தடுப்பூசி போட்டோம். ஆய்வகத்தில் மெய்யாயிருந்த உறவு மலைப்பாதையில் பொய்யாகிவிடாது. அதனால் நாம் பெற்ற நன்மையை ஏற்றுக்கொண்டு, அது நம்மீது சுமத்தும் கடமையை மறுப்பது, அறிவின் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபாதியை எறிந்துவிடுவதாகும்.